இலவசத் துணி சீருடையாவது எப்போது?

பாடசாலை மாணவர்களுக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கும் திட்டம் ஜனாதிபதி ஆர். பிரேமதாசவின் ஆட்சிக்காலத்தில், 1993 இல் ஆரம்பிக்கப்பட்டது. இடையில் 2016 முதல் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. 2025 ஆம் ஆண்டுக்குத் தேவையான துணி முழுவதையும் சீனா அன்பளிப்புச் செய்தது. எனினும் பெற்றோரின் கைக்குக் கிடைப்பது துணியே அன்றிச் சீருடை அல்ல. துணியைச் சீருடையாக்குபவர் தையல்காரர். அதற்கான கூலியைச் செலுத்துபவர் பெற்றோர்.

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கும் லயன் குடும்பத்திற்குத் தையற்கூலி சிறு தொகையன்று. முஸ்லிம் மாணவியருக்கு நீண்ட மேற்சட்டை, காற்சட்டை, பர்தா ஆகிய மூன்றும் தேவைப்படுவதால் வேலையும் கூடுகின்றது.

இச்சுமையைக் குறைக்கும் வழி தையல்காரரின் கைவண்ணத்திலேயே உள்ளது. நல்ல தையல்காரர் பிள்ளையின் இன்றைய அளவுக்கு மட்டும் வெட்டுவதில்லை. சுருங்கக்கூடிய துணியாயின் வெட்டுவதற்கு முன் நீரில் நனைத்து உலர்த்துகிறார். பக்கத் தையல்களில் அகலமாகத் துணி விடுகிறார். கீழ் மடிப்பை இரண்டு மூன்று அங்குலம் உள்ளே மடிக்கிறார். அடுத்த ஆண்டு பிள்ளை வளர்ந்ததும் மடிப்பை அவிழ்த்து நீளத்தையும், தையலைப் பிரித்து அகலத்தையும் கூட்டலாம். தேய்ந்த கழுத்துப்பட்டியைப் புரட்டித் தைத்தால் பழைய சட்டை மேலும் சில மாதங்கள் உழைக்கும். ஆயத்த ஆடைகளில் பெரும்பாலும் இந்த வசதி இருப்பதில்லை. செலவைக் குறைக்கும் நோக்கில் அவற்றில் தையல் ஓரம் குறுகலாகவே விடப்படுகிறது.

ஹட்டன், நுவரெலியா போன்ற மழையும் குளிரும் மிக்க பிரதேசங்களில் துவைத்த துணி ஒரே இரவில் உலர்வது அரிது. மாற்றுச் சீருடை இல்லாத பிள்ளை ஈர உடையுடன் செல்ல வேண்டும். அல்லது வீட்டில் நிற்க வேண்டும். பழைய சீருடையைத் திருத்திக் கொடுக்கும் தையல்காரர் அப்பிள்ளையின் வரவையும் காப்பாற்றுகிறார் எனலாம்.

ஆகவே துணியை உரிய காலத்தில் பகிர்ந்தளிப்பது அவசியம். கல்வியாண்டு தொடங்கும் தறுவாயில் அனைவரும் ஒரே வாரத்தில் தையற்கடையை நாடினால் அவசர வேலையே கிடைக்கும். வளர்ச்சிக்கு இடம்விட்டு நிதானமாகத் தைக்க அவகாசம் இராது. தோட்டங்களில் தையல் பயின்ற பெண்கள் பலர் உள்ளனர். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் அவர்களிடமும் நகரத் தையல்காரரிடமும் முற்கூட்டியே பேசி நியாயமான கூலியை ஒழுங்கு செய்யலாம். பெற்றோரும் “மடிப்பு விட்டுத் தையுங்கள்” என்று கேட்டுப் பெறுவது நலம்.