சேரனுக்குத் தனிக்கொடி எப்போது?

கம்ப்யூட்டரில் படை திரட்டிப் போரிடும் திருவனந்தபுரத்து ரசிகருக்குப் பழைய வழக்கு ஒன்று பாக்கி. ராஜராஜ சோழன் வென்ற காந்தளூர்ச்சாலை, இந்நகரின் வலியசாலைப் பகுதிதான் என்பது பல ஆய்வாளர்கள் கருத்து. ஆனால் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டுக்கு 2022-இல் வந்த இந்திய இணைப்பில் சோழரும் சேரரும் ‘திராவிடர்’ என்ற ஒரே பெயருக்குள் அடக்கம். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே கட்சி! களரியின் சுருள்வாள் உண்டு. கதையோ ராஜேந்திர சோழனுடையது. குதிரைப்படை வேறு நோஞ்சான்.

2025-இல் வெளியான ‘சிவிலைசேஷன் 7’ சோழருக்குத் தனி இடம் தந்தது ஆறுதல். அடுத்து வரும் பாகங்களில் சேரனுக்கும் தனிக்கொடி கிடைக்குமா என்பது ரசிகரின் ஆசை. கிடைத்தாலும் அதற்குத் தனி விலை வைத்துவிடுவார்களோ என்பது கவலை. 2022-இல் திராவிடர் வந்ததும் அப்படித்தான்.