தவறைச் சொன்னால் தண்டனை இல்லை! - விமானிகளுக்கு ஒரு வினோத விதி

1974 டிசம்பர் 1. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது டி.டபிள்யூ.ஏ நிறுவனத்தின் 514-ம் எண் விமானம். தரையிறங்க வரலாம் என்று கட்டுப்பாட்டு அறை அனுமதி தந்ததும், இனி தாழ்வாகப் பறக்கலாம் என்று நினைத்துவிட்டார்கள் விமானிகள். வழியில் மலை இருந்தது. அதில் மோதியதில் 92 பேரும் இறந்தனர்.

விசாரணையில் வெளிவந்த தகவல் இன்னும் அதிர்ச்சி. ஆறு வாரங்களுக்கு முன்புதான் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, அங்கேயே, அதே குழப்பத்தில் சிக்கி நூலிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவன விமானிகளுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

தெரிந்த ஆபத்தை எல்லோருக்கும் சொல்ல ஒரு வழி வேண்டும். ஆனால், 'நான் தவறு செய்தேன்' என்று எந்த விமானி எழுதித் தருவார்? உரிமம் போய்விடுமே! தண்டிக்கும் அதிகாரம் உள்ள எஃப்.ஏ.ஏ அமைப்பே கடிதத்தை வாங்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் 1976-ல் அந்தப் பொறுப்பு நாசாவிடம் போனது. நாசாவால் யாருடைய உரிமத்தையும் பறிக்க முடியாது.

விமானி, கட்டுப்பாட்டு அதிகாரி, மெக்கானிக், பணிப்பெண் என யார் வேண்டுமானாலும் எழுதலாம். படிவத்தில் பெயர் உள்ள பகுதியை நாசா கிழித்து, தேதி முத்திரையிட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடும். பிறகு எஃப்.ஏ.ஏ நடவடிக்கை எடுத்தால், அந்தத் துண்டுச்சீட்டுதான் விமானியின் கவசம். தவறு நடந்த 10 நாள்களுக்குள் எழுதியிருந்தால், விதிமீறல் பதிவாகும்; ஆனால் அபராதமோ, உரிம இடைநிறுத்தமோ கிடையாது.

அப்படியானால், என்ன செய்துவிட்டும் ஒரு கடிதம் போட்டுத் தப்பிக்கலாமா? முடியாது. வேண்டுமென்றே செய்த விதிமீறல், குற்றச்செயல், விபத்து ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. முந்தைய ஐந்து ஆண்டுகளில் விதிமீறல் நிரூபிக்கப்பட்டவருக்கும் இல்லை. கைதவறியவருக்கு மன்னிப்பு, துணிந்து செய்தவருக்குத் தண்டனை. இதுதான் கோடு.

இதுவரை லட்சக்கணக்கான கடிதங்கள் வந்துள்ளன. பெயர் நீக்கி, 'கால்பேக்' என்ற மாத இதழில் சிலவற்றை நாசா வெளியிடுகிறது. ஒருவர் தப்பிப் பிழைத்த கதை, முகம் தெரியாத இன்னொரு விமானிக்கு முன்னெச்சரிக்கையாகப் போய்ச் சேருகிறது. 1974-ல் அந்த 92 பேருக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.