ஆலங்கட்டி அடித்த கூரையும் 15 சதவீதக் கணக்கும்

புது தில்லி: கொச்சி நகரின் தேவராவில் வீடு வைத்திருப்பவர், ஆலங்கட்டி மழையை நினைத்து அஞ்ச வேண்டிய தேவை அநேகமாக இல்லை. காயலை ஒட்டிய அப்பகுதி, கடல் மட்டத்தைவிடச் சில மீட்டர் உயரத்திலேயே அமைந்துள்ளது. இடிமேகத்துக்குள் நீர் உறையும் மட்டமோ சுமார் 5 கிலோ மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு உருவாகும் பனிக்கட்டி, வெப்பமான ஈரக்காற்றின் ஊடே அவ்வளவு தொலைவு இறங்கி வருவதற்குள் பெரும்பாலும் உருகிப் பெருந்துளி மழையாகிவிடுகிறது. அதே கேரளத்தில், இடுக்கி, வயநாடு மலைகளில் கோடை மழையுடன் ஆலங்கட்டி விழுவது உண்டு. நிலம் உயர்ந்திருப்பதால் கட்டி உருகுவதற்கான அவகாசம் அங்கே குறைவு.

தேவராவாசியின் கவலை காற்றுதான். மொட்டை மாடி ஒழுகாமலிருக்க இரும்புச் சட்டம் அடித்து, அதன் மேல் ஷீட் வேய்வது கேரள வீடுகளில் பெருவழக்காகிவிட்டது. இடிமழைக்கு முன்னோடியாக வரும் திடீர்க் காற்று முதலில் கைவைப்பது இந்த இரண்டாம் கூரையில்தான். மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளிலும் வீடுகளிலும் காணப்படும் ஓட்டுக் கூரைகளுக்கும் காற்றே எதிரி.

பட்டியலில் உள்ளதும் இல்லாததும்: இந்த இரு ஆபத்துகளையும் அரசு ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பேரிடர் நிவாரண நிதியைப் பயன்படுத்துவதற்காக மத்திய அரசு 12 பேரிடர்களை அறிவித்துள்ளது. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனி மற்றும் குளிர் அலை ஆகியவற்றுடன் ஆலங்கட்டி மழையும் அதில் இடம் பெற்றுள்ளது. ஆனால், புயல் என்று வகைப்படுத்தப்படாத பலத்த காற்று அந்தப் பட்டியலில் இல்லை. மாநிலங்கள் தங்கள் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்ற விதியைப் பயன்படுத்தியே, மின்னல், கடலரிப்பு ஆகியவற்றுடன் பலத்த காற்றையும் கேரளம் தனது பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால், மத்தியப் பட்டியலில் இடம் பெற்ற ஆலங்கட்டியால் வீடு சேதமானவருக்கு நிவாரணம் எளிதில் கிடைத்துவிடுமா? அதற்கு வடகிழக்கைப் பார்க்க வேண்டும்.

2024 மே 5-ஆம் தேதி மணிப்பூரில் பெய்த ஆலங்கட்டி மழையில் 15 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் சேதமடைந்ததாக அம்மாநில அரசு தெரிவித்தது. தகரக் கூரைகள் சல்லடையாயின. கல்வி நிலையங்களுக்கு இரு நாள்கள் விடுமுறை விடப்பட்டது. அதற்கு முன், 2022 டிசம்பர் இறுதியில் அசாமின் திப்ரூகர், சிவசாகர் உள்ளிட்ட மாவட்டங்களில் 4 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் இதே கதிக்கு ஆளாயின. டிசம்பர் என்பது வழக்கமான ஆலங்கட்டிப் பருவமே அல்ல. மார்ச் முதல் மே வரைதான் நாட்டின் பெரும்பகுதியில் அதற்கான காலம்.

2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய உள்துறை அமைச்சகம் வகுத்த விதிமுறைகளின்படி, முழுமையாகவோ கடுமையாகவோ சேதமடைந்த வீட்டுக்குச் சமவெளியில் ரூ.1.20 லட்சமும், மலைப் பகுதியில் ரூ.1.30 லட்சமும் வழங்கப்படும். பகுதி சேதம் என்றால், உறுதியான கட்டுமானம் கொண்ட வீட்டுக்கு ரூ.6,500, மற்றதற்கு ரூ.4,000. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. சேதம் குறைந்தது 15 சதவீதமாவது இருக்க வேண்டும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. வெள்ளம் அடித்தளத்தை அரிக்கும். நிலநடுக்கம் சுவரைப் பிளக்கும். ஆலங்கட்டியோ சுவரைத் தொடுவதில்லை. வீடு நின்ற இடத்தில் நிற்க, கூரையில் மட்டும் நூறு துளைகள் விழுகின்றன. முழு வீட்டின் மதிப்பில் அது எத்தனை சதவீதம்? 14 என்று எழுதுவதா, 16 என்று எழுதுவதா என்பது கணக்கெடுக்க வருபவரின் பேனாவைப் பொறுத்தது. வீட்டுக்காரருக்கோ அன்றிரவே படுக்க இடமில்லை.

வயலுக்கு ஒரு நீதி: இத்தனைக்கும், ஆலங்கட்டி ஓரிடத்தில் அடித்து அடுத்த இடத்தை விட்டுவிடும் என்பது அரசுக்குத் தெரியாததல்ல. 2016-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை உள்ளூர் அளவிலான பேரிடராகத் தனியே பிரிக்கப்பட்டது. வட்டாரச் சராசரியைக் கொண்டு அல்லாமல், பாதிக்கப்பட்ட தனி வயலைப் பார்த்தே சேதம் மதிப்பிடப்பட வேண்டும். விவசாயி 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது ஏற்பாடு. பயிருக்குக் காட்டப்பட்ட இந்த நுட்பம் கூரைக்குக் காட்டப்படவில்லை.

தம் ஊரில் ஆபத்து எவ்வளவு என்று அறிய விரும்புவோருக்கு, இந்திய வானிலை ஆய்வுத் துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட பருவநிலை அபாய வரைபடத் தொகுப்பு உதவும். அதில் 13 வகை அபாயங்கள் மாவட்ட வாரியாகக் காட்டப்பட்டுள்ளன. ஆலங்கட்டி மழை அவற்றில் ஒன்று. ஆனால், வரைபடத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆலங்கட்டி விழும் பட்டை சில நூறு மீட்டர் முதல் சில கிலோ மீட்டர் வரையிலான அகலமே கொண்டது. வானிலை நிலையம் அந்தப் பட்டைக்கு வெளியே இருந்தால், ஏட்டில் அன்று வெறும் மழை நாள்தான். எனவே, ஊர்ப் பெரியவர்களின் நினைவையும், பக்கத்துக் கூரைகளில் உள்ள பழைய ஒடுக்குகளையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான மதிப்பீடாகும்.

கூரை எதனால் ஆனது என்பது அடுத்த கேள்வி. 25 முதல் 45 மில்லி மீட்டர் வரை விட்டமுள்ள கட்டிகள் மணிக்குச் சுமார் 40 முதல் 65 கிலோ மீட்டர் வேகத்தில் விழக்கூடும் என்று அமெரிக்க வானிலை ஆய்வகம் கணித்துள்ளது. கான்கிரீட் தளத்துக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. அதன் மேலுள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒளி ஊடுருவும் ஷீட்டுக்கும்தான் ஆபத்து. துத்தநாகம் பூசிய தகரம் முதலில் ஒடுங்கும். மெல்லியதாகவோ துருப்பிடித்தோ இருந்தால் கிழியும். கல்நார் ஷீட் விரிசல் விடும். அதை உடைத்து அகற்றும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வாரிசான மங்களூர் ஓட்டுக்கு ஒரு வசதி உண்டு. உடைந்த ஓட்டை மட்டும் உருவிவிட்டு வேறு ஓடு செருகலாம். பழைய ஓட்டின் அளவும் பள்ளமும் புதிய ஓட்டுடன் பொருந்தாது என்பதால், நாலு ஓடுகளை எடுத்து வைத்திருக்கும் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். சூரிய மின்தகடு பொருத்தியவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ளலாம். சர்வதேசத் தரச் சோதனையில் 25 மில்லி மீட்டர் பனிக்கட்டி உருண்டையை வினாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அந்தத் தகட்டின் மீது மோதவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய கட்டிகளுக்கு அச்சோதனை உத்தரவாதம் ஆகாது.

மழை ஓய்ந்ததும் ஏணியைத் தேடுவது தவறு. ஈரமான ஓட்டின் மீதோ கல்நார் ஷீட்டின் மீதோ ஏறி விழுந்தவர்கள் ஏராளம். முதலில் வீட்டுக்குள்ளிருந்தபடி பகல் வெளிச்சத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். வெளிச்சப் புள்ளி தெரியும் இடமெல்லாம் துளை. கைக்கு எட்டும் ஓட்டைத் தட்டிப் பார்த்தால், நல்ல ஓடு கணீரென ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். தகரத்தில் ஒடுக்கு மட்டும்தானே என்று விடாமல், ஆணி, வாஷர் பொருந்திய இடங்களைச் சோதிக்க வேண்டும். விழுந்த கட்டிகளை ஒரு ரூபாய் நாணயத்துக்கு அருகில் வைத்துப் படம் எடுத்து, தேதியையும் நேரத்தையும் குறித்து வைப்பது பின்னர் கைகொடுக்கும். கட்டிகள் அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். கிராம அலுவலகத்திலோ காப்பீட்டு நிறுவனத்திலோ நாளை கேட்கப்படுவது சான்றுதான்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு, புயல், சூறைக்காற்று, வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றை உள்ளடக்கியது. ஆலங்கட்டியால் மட்டும் ஏற்படும் சேதம் அதில் அடங்குமா என்பதை, பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நாடாளுமன்றத்தில் பேரிடர் உதவி குறித்து உறுப்பினர்கள் கேட்கும்போதெல்லாம் உள்துறை அமைச்சகம் தரும் பதிலில் ஒரு வரி தவறாமல் இடம் பெறுகிறது: வழங்கப்படுவது நிவாரணமே தவிர, இழப்பீடு அல்ல. ரூ.6,500-க்கு ஒரு கூரையை மாற்ற முடியாது என்பதை அரசே ஒப்புக்கொள்ளும் வரி அது.

ஆனால், 15 சதவீதத்தை வாசற்படியாக வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரள அரசு, எர்ணாகுளம் உள்ளிட்ட மாவட்டங்களில் வீடுகளின் சேதத்தை உள்ளாட்சி அமைப்புகள் வழியே கைப்பேசிச் செயலி மூலம் வீடுவீடாகக் கணக்கெடுத்து, ஐந்து படிகளாகப் பிரித்தது. 75 சதவீதத்துக்கு மேல் சேதமான வீட்டுக்கு ரூ.4 லட்சம், அடுத்தடுத்த படிகளுக்கு ரூ.2.50 லட்சம், ரூ.1.25 லட்சம், ரூ.60 ஆயிரம். 15 சதவீதம் வரை மட்டுமே சேதமான வீட்டுக்கும் ரூ.10 ஆயிரம் வழங்கப்பட்டது.