பழைய வீட்டு நடைக்கு எந்த நிறம்?

"ஏங்க, இந்தத் தடவையாவது நடைக்கு நல்ல கலரா அடிச்சிடலாம். உள்ளே நுழைஞ்சா குகை மாதிரி இருக்கு!"

பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பெங்களூரில் பழைய வீடுகளில் குடியிருக்கும் தமிழர் குடும்பங்களில் எழும் பேச்சு இது. பெயிண்ட் கடையிலிருந்து நிற அட்டை வரும். மகளுக்கு ரோஸ் பிடிக்கும். மகனுக்குச் சாம்பல் நிறம். பாட்டியோ, "நீலம் போட்டு வெள்ளை அடிச்சா போதும்டா, ஊர்ல அப்படித்தானே?" என்பார். கடைசியில் கடைக்காரர் கை காட்டிய டப்பா வீட்டுக்கு வரும்.

ஒரு மழைக்காலம் போனதும் அந்தப் பெயிண்ட் அப்பளம் போல உப்பி உதிரும். நடையோ முன்பு இருந்ததைவிட இருட்டாக இருக்கும். எங்கே தவறு? அட்டையைப் பார்த்தார்கள்; சுவரைப் பார்க்கவில்லை.

ஊர் நடை வேறு, இந்த நடை வேறு

1898-ல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. அதற்குப் பிறகு நெரிசலைக் குறைக்க எழுந்தவை மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற பகுதிகள். அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துக் குடியிருப்புகளில் இன்னும் பழையவை உண்டு. அந்தக் காலத்து வீடுகளில் இடிபடாமல் மிஞ்சியவற்றுக்குப் பொதுவான ஒரு முகம் இருக்கிறது. தடித்த செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, மெட்ராஸ் டெரஸ் அல்லது மங்களூர் ஓட்டுக் கூரை, சிவப்பு ஆக்சைடு தரை. தெருக் கதவைத் திறந்தால் நாலடி அகலத்தில் ஒரு நடை. இருபுறமும் அறைகள். கடைசியில் சமையலறை.

நம் ஊர்ப் பக்கத்து வீட்டிலும் நடை உண்டு, ரேழி என்பார்கள். ஆனால் அது முற்றத்தில் போய் முடியும். முற்றத்தில் வானம் தெரியும். அந்த வெளிச்சத்தில் நீலம் போட்ட வெள்ளை பளிச்சென்று இருக்கும். பெங்களூர் வீட்டு நடைக்கு முற்றம் இல்லை. கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர், அவ்வளவுதான். அங்கே அதே நீல வெள்ளையை அடித்தால் சாம்பல் பூத்தது போல் ஆகிவிடும். பாட்டி சொன்னது ஊருக்குச் சரி. இங்கே சரிப்படாது.

சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதுதான் முக்கியம். நல்ல வெள்ளைச் சுவர் 100 பங்கு வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 பங்கைத் திருப்பித் தரும். நடுத்தரமான பச்சையோ நீலமோ 50 பங்கு தந்தாலே அதிகம். வித்தியாசம் சிறிது என்று தோன்றுகிறதா? குறுகிய நடையில் வெளிச்சம் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மோதி மோதித்தான் உள்ளே போக வேண்டும். நான்கு முறை மோதினால், வெள்ளையில் 41 பங்கு மிஞ்சும். மற்றதில் 6 பங்குதான். நடை குகையாவது இப்படித்தான்.

சிவப்புத் தரை செய்யும் வேலை

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிவப்புத் தரை தன் நிறத்தைச் சுவரின் கீழ்ப்பகுதியில் எறியும். வெள்ளைச் சுவர் அங்கே ரோஸாகத் தெரியும். மகள் கேட்ட ரோஸ் பாதி ஏற்கெனவே இருக்கிறது! அதன்மேல் இன்னும் ரோஸ் அடித்தால் கண் கூசும். இளம்பச்சை அடித்தால், தரையிலிருந்து வரும் சிவப்பைப் பச்சை விழுங்கிவிடும். சுவர் மங்கி, அழுக்கேறியது போலத் தெரியும்.

இந்தத் தரைக்கு ஒத்துப்போவது லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. தயிரின் ஏடு போன்ற நிறம் என்று சொன்னால் புரியும். தரையின் சிவப்பு அதில் விழுந்தால் இதமான சந்தன நிறம் வரும். இரவில் விளக்கு போட்டாலும் முகம் வெளிறித் தெரியாது. கூரையின் உட்புறத்தை மட்டும் கலப்பில்லாத வெள்ளையாக விடுவது நல்லது. நடை நீளமாக இருந்தால், கடைசிச் சுவருக்கு அதே மஞ்சளைக் கொஞ்சம் கூட்டலாம். நீளம் குறைந்தது போல் தோன்றும்.

சாம்பல் கேட்ட மகனுக்கு? அவன் அறை இருக்கிறது, அங்கே அடித்துக்கொள்ளட்டும்.

சுவர் மூச்சு விடுகிறதா?

நிறம் முடிவானால் பாதி வேலைதான் ஆயிற்று. எதில் அந்த நிறத்தைக் கொடுப்பது? பணம் வீணாவது இங்கேதான்.

பழைய சுவருக்கு அஸ்திவாரத்தில் ஓதம் தடுக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது. மண்ணின் ஈரம் இரண்டு, மூன்று அடி உயரம் வரை சுவரில் ஏறும். தெருவுக்குத் தார் மேல் தாராகப் போட்டு, வீட்டு வாசலே தெருவைவிடத் தாழ்ந்துபோன இடங்களில் இது இன்னும் அதிகம். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷனோ எனாமலோ அடித்தால் வழி அடைபடுகிறது. ஈரம் பெயிண்டைத் தள்ளுகிறது. உப்புப் பூக்கிறது, பொருக்கு விழுகிறது. "பெயிண்ட் சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

ஆபீஸ்களில் இருப்பது போல் இடுப்பளவுக்கு எண்ணெய்ப் பெயிண்டில் 'டேடோ' அடிக்கும் பழக்கமும் உண்டு. அழுக்கைத் துடைக்க வசதி என்பார்கள். உண்மைதான். ஆனால் ஈரம் ஏறும் அதே மூன்றடியைத்தான் அது மூடுகிறது. ஈரம் அதற்கும் மேலே ஏறி உடைத்துக்கொண்டு வரும்.

சுவர் எந்த வகை என்று அறிய ஆளைத் தேட வேண்டாம். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் ஆணியால் கீறினால் போதும். வெளுத்த மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. கறுத்துக் கெட்டியாக இருந்தால் சிமென்ட். உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைச் சிமென்ட் வைத்து அடைப்பது தவறு. ஈரம் அந்த ஒட்டைச் சுற்றிக் கிளம்பும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அடைப்பதே முறை. குழாய் கசிவு, கூரை ஒழுக்கு இருந்தால் முதலில் அதைச் சரி செய்தாக வேண்டும். எந்த நிறமும் ஒழுகும் வீட்டை மறைக்காது.

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பொருந்தும். செலவும் குறைவு. நீற்றிய சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீர் விட்டுக் கலக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். 10 லிட்டர் பாலுக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். நிறத்துக்கு மஞ்சள் காவி, அல்லது சிமென்ட் தரைக்குப் போடும் மஞ்சள் ஆக்சைடு. சாயப் பொடிகள் வேண்டாம். சுண்ணாம்பின் காரத்தில் வெளுத்துவிடும். கல் சுண்ணாம்பை வீட்டில் நீற்றினால் அது கொதிக்கும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது. கண்ணில் தெறித்தால் ஆபத்து.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்பு தோளில் ஒட்டும். நாலடி நடையில், நீலக் கால்சட்டையோடு அவசரமாக ஆபீசுக்குக் கிளம்புகிறவர் வெள்ளைக் கோட்டோடு பஸ் ஏற நேரும். கோந்து சரியாகச் சேர்ந்து, பூச்சு மெல்லியதாக இருந்தால் இது குறையும், அடியோடு போகாது. தடிமனாக ஒரே முறை அடிப்பதைவிட, நீர்த்த பாலாக மூன்று முறை அடிப்பது மேல். தோள் உயரத்தில் ஒரு மரச் சட்டம் அடித்துச் சட்டையைக் காப்பவர்களும் உண்டு.

சுரண்டும்போது எச்சரிக்கை!

எனாமல் மேல் சுண்ணாம்பு நிற்காது. பழைய பெயிண்டைச் சுரண்டத்தான் வேண்டும். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது.

பழைய எனாமல்களில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில், ஈயக் கலவை இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பர் 1-ந்தேதி அது அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் என்றால் ஈயம் இருப்பதாகவே எண்ணி நடப்பது நல்லது. ஈயத் தூசி குழந்தையின் மூளையைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது.

ஆகவே உலர்ந்த சுவரில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, நனைத்தே சுரண்ட வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரித்து, செதிலை மூட்டையாகக் கட்டிவிட வேண்டும். துடைப்பத்தால் கூட்டாமல், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அந்த நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்புவது உத்தமம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று மேஸ்திரி சொன்னாலும், அவரையும் மூக்கை மூடிக்கொள்ளச் சொல்ல வேண்டும். வருடம் முழுவதும் அந்தத் தூசியில் நிற்பவர் அவர்தானே?

யார் பணம்?

வாடகை வீடு என்றால் தூரிகையை எடுக்குமுன் சொந்தக்காரரைப் பார்ப்பது அவசியம். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்சில் பிடித்துக்கொள்வது பெங்களூரில் பரவலான வழக்கம். இப்போது கைப்பணம் போட்டு அடித்துவிட்டு, அப்போதும் அதைக் கொடுப்பதா? "இந்தச் செலவை அதில் கழிச்சுக்குங்க, ஐயா" என்று முன்னாலேயே பேசி, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கூச்சப்பட்டால் நஷ்டம்.

நாலு குடித்தனம் ஒரே நடையைப் பயன்படுத்தும் வளவுகளில் பேச்சு இன்னும் நீளும். ஒருவருக்கு ராசி நிறம், இன்னொருவருக்கு ஆகாத நிறம். வாதாடுவதைவிட, சுவரில் இரண்டடிக்கு இரண்டடியாக மூன்று கட்டம் அடித்துக் காட்டுவது சுலபம். நடையின் நடுவில், வெளிச்சம் குறைந்த இடத்தில் அடிக்க வேண்டும். சுண்ணாம்பு ஈரத்தில் கறுத்துத் தெரியும்; காய்ந்தால் வெகுவாக வெளுக்கும். எனவே மறுநாள்தான் தீர்ப்பு. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை எல்லோரும் பார்க்கட்டும். நீலம் பாயும் வெள்ளை எல்.இ.டி. விளக்கில் மஞ்சள் செத்துவிடும். பல்பின் பெட்டியில் 2700 அல்லது 3000 கே என்று போட்டிருந்தால் அது மஞ்சள் ஒளி. 6500 என்றால் வெள்ளை. சில இடங்களில் பல்பை மாற்றினாலே குகை பாதி மறைந்துவிடும்!

காலமும் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு அடிக்கிறவர்கள் அதிகம். ஆனால் பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும் நல்ல மழை மாதங்கள். சுவர் அப்போது ஈரத்தைக் குடித்து நிற்கும். டிசம்பருக்கு மேல் மார்ச் வரை சுவர் காய்ந்திருக்கும். பொங்கலுக்கு அடிப்பதே சரி.

அடித்து முடித்ததும், ஒரு வாளிக்கு எத்தனை கிராம் மஞ்சள் காவி போட்டார்கள் என்று மேஸ்திரியைக் கேட்டு, காலண்டர் அட்டையின் பின்னால் குறித்து வைக்கலாம். சைக்கிள் கைப்பிடி உரசிய இடத்தைத் தொட்டு அடிக்க அந்தக் கணக்கு உதவும். மிச்சமான நீற்றிய சுண்ணாம்பை மூடி போட்ட வாளியில், மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி வைத்தால் கெடாது.