அந்த அறையில் யாருக்கு வயது 21?

ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் அமெரிக்காவில் படிக்கப்போகும் பிள்ளைகளை விமானம் ஏற்றுகிறோம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், குக்கர் எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டனவா என்று மூன்று முறை சரிபார்க்கிறோம். அவர்கள் தங்கப்போகும் விடுதியின் ஒப்பந்தத்தை உட்கார்ந்து படிக்கும் வீடுகள் குறைவு. அதில் மது பற்றி ஒரு பகுதி இருக்கும். குடிக்கும் பழக்கமே இல்லாத பிள்ளையையும் அது கட்டுப்படுத்தும்.

சட்டம் எளிமையானது. மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதி குறைக்கப்படும் என்று 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் விதித்தது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் இணங்கின. மத்திய அரசின் நிதி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் மது விதிகளையும் மீறினால் வரும் தண்டனைகளையும் ஆண்டுதோறும் மாணவர் கையில் எழுத்தாகத் தர வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே 'எனக்குத் தெரியாது' என்ற பதில் விசாரணையில் நிற்காது. தமிழ்நாட்டிலும் வயது வரம்பு 21தான். வேறுபாடு, அமெரிக்காவில் அந்த வரம்பு விடுதியின் அறை வரைக்கும் வருகிறது என்பதே.

பல பல்கலைக்கழகங்களில் ஓர் அறையில் தங்குவோர் அனைவருக்கும் 21 ஆகியிருந்தால்தான் உள்ளே மது இருக்கலாம். சிலவற்றில் யாருக்குமே அனுமதியில்லை. அலங்காரத்துக்காக ஜன்னலில் வைத்த காலி பாட்டிலும் பல இடங்களில் விதிமீறல். மற்றவர்கள் குடிக்கும் அறையில் சும்மா உட்கார்ந்திருந்ததற்காகப் பெயர் எழுதப்படுவதும் உண்டு. இரவுச் சுற்றில் வந்து கதவைத் தட்டும் ஆர்.ஏ., அதாவது விடுதிப் பொறுப்பில் இருக்கும் மூத்த மாணவர், நண்பராகவே இருந்தாலும் கண்டதை எழுதித்தான் ஆக வேண்டும். அது அவருடைய வேலை.

முதல் முறை பெரும்பாலும் எச்சரிக்கையும் கட்டாய வகுப்பும், சில இடங்களில் கட்டணமும். அடுத்தது நன்னடத்தைக் கண்காணிப்பு. அதற்குமேல் விடுதியிலிருந்து நீக்கம், பிறகு இடைநீக்கம். 21 வயதுக்குட்பட்ட மாணவரின் மது விதிமீறலைப் பெற்றோருக்குத் தெரிவிக்க 1998-இல் சட்டம் வழிவிட்டது. ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு, பின்னாளில் சட்டப் படிப்புக்கோ மருத்துவப் படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது கேள்வியாகத் திரும்பி வரும்.

நம் ஊரிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகிறவருக்கு வயது 22, 23 இருக்கும். விதி தன்னைத் தொடாது என்று அவர் நினைப்பது இயல்பு. அவரைத் தொடும் இடம் வேறு. 19 வயது நண்பர் பணம் கொடுத்து பீர் வாங்கி வரச் சொல்கிறார். இவர் வாங்கிக் கொடுக்கிறார். அது விடுதிக் குற்றம் மட்டுமில்லை, பெரும்பாலான மாநிலங்களில் காவல்துறை வழக்கு.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு இதன் கனம் இன்னும் அதிகம். இடைநீக்கம் செய்யப்பட்டால், வெளிநாட்டு மாணவருக்கான அரசுப் பதிவேடான செவிஸில் அவருடைய பதிவு முடிக்கப்பட்டு, நாட்டில் தங்கும் தகுதி போகலாம். படிப்பை முடித்தவருக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் இவருக்குக் கிடையாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்புக்கு முன்பே தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். விசா விண்ணப்பப் படிவம், எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கிறது. வழக்கு தள்ளுபடியானாலும் கைது நடந்தது நடந்ததுதான்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிள்ளை பயப்படும். நான் மிகவும் அஞ்சுவது அந்தப் பயம் போகக்கூடிய திசையைத்தான்: உதவிக்கு அழைக்கவே தயங்குவது.

2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஃபிரெட்டர்னிட்டி எனப்படும் மாணவர் சங்க வீடு ஒன்றில், அந்தச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த 19 வயது மாணவருக்கு அளவுக்கு மீறி மது கொடுக்கப்பட்டது. அவர் மாடிப்படியில் விழுந்தார். கூட இருந்தவர்கள் உதவிக்கு அழைக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆயிற்று. அவர் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த மாநிலம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது.

உடல் மதுவைத் தன் வேகத்தில்தான் வெளியேற்றும். நினைவிழந்த பிறகும், வயிற்றில் மிச்சமிருக்கும் மது இரத்தத்தில் ஏறிக்கொண்டேயிருக்கும். 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவது ஆபத்தாவது இதனால்தான். காபியும் குளிர்ந்த நீரும் அந்த வேகத்தைக் கூட்டாது. எழுப்பியும் எழாமை, நிமிடத்துக்கு 8-க்கும் குறைவான மூச்சு, இரண்டு மூச்சுக்கிடையே 10 நொடி இடைவெளி, சில்லிட்டு நீலம்பாரித்த தோல், நினைவில்லாமலே வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இப்படி அழைப்பவரையும் நோயாளியையும் தண்டனையிலிருந்து காக்கும் சட்டங்கள் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கின்றன. பல பல்கலைக்கழகங்களும் அப்படிப்பட்ட விதியைத் தனியாக வைத்திருக்கின்றன. எதையெல்லாம் மன்னிக்கும், எதை மன்னிக்காது என்பது இடத்துக்கு இடம் மாறும். பாதுகாப்பு இல்லாத இடத்திலும் இழக்கக்கூடியது ஒரு படிப்புப் பருவமோ ஒரு விசாவோதான், ஓர் உயிர் அல்ல.

எனவே பெட்டி கட்டும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஒப்பந்தத்தின் மது விதியையும், உதவிக்கு அழைப்பவருக்கான பாதுகாப்பு விதியையும் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். படித்து முடித்ததும் ஒன்றைச் சொல்லுங்கள்: "யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் 911-ஐக் கூப்பிடு. பிறகு எங்களைக் கூப்பிடு. என்ன நடந்திருந்தாலும் திட்டமாட்டோம்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.