பழைய கணினிக்குப் பூட்டு மட்டும் போதுமா?

கெடா மாநிலத்தின் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் மின்னணுச் சில்லுகள் தயாராகின்றன. அதே மாநிலத்தின் தோட்டங்களிலும் சுங்கை பட்டாணி போன்ற நகரங்களிலும் பழைய கணினியையே நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. “நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் இருக்கிறதே, பிறகென்ன பயம்?” எனச் சிலர் எண்ணுவர். இந்த எண்ணம் சரியா?

இயங்குதளத்தில் காணப்படும் குறைகளை அதைத் தயாரித்த நிறுவனம் புதுப்பிப்புகளின் வழி சரிசெய்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அதன்பின் தெரியவரும் குறைகள் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் வாசற்கதவின் பூட்டைப் போன்றது. சுவரில் ஓட்டை இருந்தால் பூட்டு மட்டும் வீட்டைக் காக்குமா?

2017 மே மாதம் வானாகிரை என்னும் நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிக் கோப்புகளை முடக்கிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் புதுப்பிப்பு மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. எக்ஸ்பி பயன்படுத்திய பொதுமக்களுக்கோ தாக்குதலுக்குப் பின்னரே அது கிடைத்தது.

ஆகவே, பழைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கக்கூடாது. முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். கணினியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம். இல்லையேல், இணையத்தில் இணைக்காமல் எழுத்துப்பணிக்கு மட்டும் பயன்படுத்தலாம்.