பேட் பிடிச்சு வந்ததுக்கே எழுந்து நின்று கைதட்டிய ஸ்டேடியம்... யார் இந்த ட்ரூ மேகி?

2023 ஏப்ரல் 26. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பைரேட்ஸ் - டாட்ஜர்ஸ் பேஸ்பால் ஆட்டம். 8வது இன்னிங்ஸில் நட்சத்திர வீரர் ஆண்ட்ரூ மெக்கட்சனுக்குப் பதிலாக 33 வயது வீரர் ஒருவர் பேட்டோடு இறங்குகிறார். மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று கைதட்டுகிறது. அவரோ ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார். அப்புறம் எதுக்கு இவ்வளவு ஆரவாரம்?

அவர்தான் ட்ரூ மேகி. (நூடுல்ஸுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை!) இரண்டாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ் என எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடிய இன்ஃபீல்டர். 2010 டிராஃப்டின் 15வது சுற்றில் இவரை எடுத்ததும் இதே பைரேட்ஸ்தான். ஆனால் மேஜர் லீக்கில் முதல்முறை பேட் பிடிக்க 13 வருஷம் ஆச்சு. அதற்குள் வெவ்வேறு கிளப்களுக்காக மைனர் லீக்கில் அவர் ஆடியது 1,155 ஆட்டங்கள்.

மைனர் லீக் என்றால் என்ன?

ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே ஏணிப்படி மாதிரி பல நிலை அணிகள் உண்டு. சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஏறிப் போகணும். உச்சியில் இருப்பது 26 இடங்கள் மட்டுமே. எல்லா இடத்திலும் ஆடத் தெரிந்தவருக்கு ஒரு சிக்கல் இருக்கு. எந்த ஓட்டை விழுந்தாலும் அடைக்க உதவுவார். ஆனால் அவருக்கென்று நிரந்தரமாக ஓர் இடம் கிடைப்பது கஷ்டம்.

சம்பளத்தைப் பார்த்தால் தலை சுற்றும். 2021இல் டிரிபிள் ஏ வீரருக்குக் குறைந்தபட்சம் வாரம் 700 டாலர், அதுவும் சீசன் நடக்கும்போது மட்டும். 2023இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,20,000 டாலர். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 3,870 டாலர்! மேஜர் லீக் அணியில் ஒரு நாள் இருந்தாலே மருத்துவக் காப்பீட்டுத் தகுதி உண்டு. 43 நாள் இருந்தால் பென்ஷன்.

கைக்கு எட்டியது...

இத்தனைக்கும் 2021 செப்டம்பரிலேயே மினசோட்டா ட்வின்ஸ் அணி மேகியை மேலே அழைத்தது. சீருடை போட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பந்துகூட ஆடாமல் திருப்பி அனுப்பப்பட்டார். இப்படி அணிக்குள் வந்தும் களம் காணாதவர்களை அங்கே 'பேய் வீரர்கள்' என்பார்கள், ரெக்கார்டு புத்தகத்தில் அவர்கள் பெயரே இருக்காது. மேகியும் அந்தப் பட்டியலோடு முடிந்திருக்க வேண்டியவர்தான்.

2023இல் பிரையன் ரெனால்ட்ஸ் குடும்பத் துக்கத்துக்காக விடுப்பில் போனதும், டபுள் ஏ அணியான அல்டூனாவில் ஆடிக்கொண்டிருந்த மேகிக்கு அழைப்பு வந்தது. முதல் நாள் அவுட் ஆனவர், ஏப்ரல் 29ஆம் தேதி வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு எதிராக முதல் ஹிட்டை அடித்தார்.

ரெனால்ட்ஸ் திரும்பி வந்ததும் மேகி மறுபடி கீழே இறக்கப்பட்டார். அந்த வாய்ப்பில் அவர் ஆடியது 3 ஆட்டம். 6 முறை பேட்டிங், 2 ஹிட், சராசரி .333. அதே ஆட்டங்களில் அவருக்கு எதிரே நின்ற பல கோடீஸ்வர வீரர்களுக்குக்கூட அந்த சராசரி கிடையாது!